பெருங்குடலுக்குப் பிறகு

குண்டசாலையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக மகாவலியைப் பார்ப்பார்கள், மலையைப் பார்ப்பார்கள், அதுவும் சலித்துவிட்டால் போனைப் பார்ப்பார்கள். இருபத்துமூன்று வயதில் நான் பார்த்ததெல்லாம் கக்கூஸ்களைத்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் ஷெட்டில் ஒன்று உண்டு, ஆனால் சாவி முதலாளியிடம் இருக்கும், முதலாளி எங்கேயாவது இருப்பார். அதைத் தாண்டினால் ஒரு பேக்கரி. ஒரு பணிஸ் வாங்கினால் பின்பக்கம் போக விடுவார்கள். அந்த வருடம் நான் தின்னாமல் பையில் போட்டு வைத்த பணிஸ்களை வைத்து ஒரு கல்யாண வீட்டுக்கே தேநீர் கொடுத்திருக்கலாம். டவுனுக்குள் வந்துவிட்டால் வாவிப் பக்கம் ஒரு பொதுக் கழிப்பறை. அங்கே காவலுக்கு இருந்த சிங்கள அம்மாவுக்கு என்னை அவ்வளவு பழக்கம். நான் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வரும்போதே கதவைத் திறந்து வைத்துவிட்டு, "மெதுவா துவ, மெதுவா" என்பார். துவ என்றால் மகள்.

நான் வேலை செய்தது ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில். சிரிப்பதுதான் வேலை. வயிறு முறுக்கிக்கொண்டு வரும்போதும் சிரிக்க வேண்டும், சிரித்துக்கொண்டே "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஓட வேண்டும். எனக்குக் காதலன் இருக்கிறான், ஒளிந்து ஒளிந்து போன் பேசப் போகிறேன் என்று கூட வேலை செய்தவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். நான் மறுக்கவில்லை. காதலன் கௌரவமான காரணம்.

இரத்தமும் போய்க்கொண்டிருந்தது. மூலமாக இருக்கும் என்று நினைத்தேன். மூலம் தொந்தி வைத்த மாமாக்களுக்கு வருகிற வியாதி என்றும் நினைத்தேன். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியவந்தது என் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கிய பிறகுதான். அம்மா புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, ஆசிரியையாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். எதற்கும் காரணம் கண்டுபிடிக்கத் தெரிந்தவர். முதலில் கொத்துரொட்டி என்றார். பிறகு போன் என்றார். பிறகு நான் வீட்டு செபத்துக்கு முழங்காலில் நிற்காமல் கதிரையில் உட்கார்ந்து சொல்வதுதான் காரணம் என்றார். வெந்தயம் கொடுத்தார், மாதுளம் தோலை அவித்துக் கொடுத்தார், ஒன்பது நாள் நவநாள் வைத்தார். நவநாள் முடிந்த அன்று நான் மாதா படத்துக்கு முன்னாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டேன். அதன் பிறகுதான் டொக்டர்.

கெமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. எந்த வாசல் வழியாக விட்டார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். பெருங்குடல் முழுக்கப் புண் என்றார்கள். ஏன் வந்தது என்று சரியாக யாருக்கும் தெரியாதாம். உடம்பு தன் குடலைத் தானே எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம். கொத்துரொட்டி காரணமில்லை என்று டொக்டர் சொன்னபோது அம்மா அவரை நம்பவில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். அதில் ஒன்று ஸ்டீரொயிட். என் முகம் ரொட்டி மாவு மாதிரி உப்பியது. மாதா கோயிலில் அம்மாவின் தோழிகள் என் கன்னத்தைக் கிள்ளி, "இப்பதான் பிள்ளை பார்க்க லட்சணமா இருக்கா, சதை பிடிச்சிருக்கு" என்றார்கள். செத்துக்கொண்டிருந்த அந்தச் சில மாதங்களில் கிடைத்த அளவு பாராட்டு எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

ஒரு நாள் பகலில் மேசைக்குப் பின்னாலேயே விழுந்தேன். வெளிநாட்டுக் குழு ஒன்று வந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தது. எனக்குக் காய்ச்சல், வயிறு கல் மாதிரி இறுகியிருந்தது, நான் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் கடவுச்சீட்டைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தேன், பிறகு படுத்தேன். மேனேஜர் முதலில் செய்தது அந்தக் கடவுச்சீட்டை என் விரல்களிலிருந்து பிடுங்கியது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அது அவருடைய தொழில். பிறகு என்னைப் பெட்டிகள் ஏற்றுகிற வண்டியில், அந்தப் பித்தளைக் கம்பி வளைவுக்குக் கீழே உட்காரவைத்து, வாசலில் நின்ற த்ரீவீலர் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். குழுவில் ஒருவர் படம் எடுத்தார். எங்கேயோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு வீட்டில் கண்டியின் கலாசாரம் என்று அந்தப் படம் இருக்கக்கூடும்.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியானவர், சிரிக்கத் தெரியாதவர். என் கட்டில் ஓரத்தில் அம்மாவும் அப்பாவும் நின்றார்கள். அப்பா ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளார்க். யாராவது வெள்ளை உடுப்பில் வந்தால் கைகளைக் கட்டிக்கொள்வார்.

"இஞ்ச பாருங்கோ பிள்ளை," என்றார் டொக்டர். "உங்கட பெருங்குடல் மருந்துக்குக் கேக்கேல்லை. நல்லா வீங்கிப் போச்சு. இப்பிடியே விட்டா வெடிச்சிடும். அதுக்கு முதல் எடுக்க வேணும்."

"கொஞ்சமா டொக்டர்?" என்றேன்.

"இல்லை. கீழ ஒரு துண்டைத் தவிர மிச்சம் முழுசும்."

"அது இல்லாம இருக்க ஏலுமா?"

"ஓம். கன பேர் இருக்கினம். சிறுகுடலின்ர முனையை வயித்துக்கு வெளிய கொண்டுவந்து விடுவம். அதில ஒரு பை ஒட்டியிருக்கும். கழிவு அதுக்குள்ள வரும்."

அம்மா கேட்டார்: "எடுத்தா திரும்ப வளராதா டொக்டர்?"

"ஈரல் எண்டா வளரும் அம்மா. இது வளராது."

அப்பா தொண்டையைச் செருமினார். முக்கியமாக ஏதோ கேட்கப்போகிறார் என்று எல்லாரும் அவரைப் பார்த்தோம். "எடுத்தத என்ன சார் செய்வீங்க?" என்றார். டொக்டர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். வேண்டுமென்றால் கொடுக்கவும் தயார் என்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

தியேட்டருக்குக் கொண்டுபோவதற்கு முன் ஒரு தாதி வந்து, என்னை உட்காரவைத்து, குனியவைத்து, படுக்கவைத்து, பிறகு வயிற்றின் வலப்பக்கத்தில் நீல மார்க்கரால் குறுக்காக இரண்டு கோடு போட்டார். பை வரவேண்டிய இடம் அது. அம்மா அதைச் சிலுவை என்று நினைத்துக்கொண்டு, தானும் ஒரு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, "நல்ல மனுசி, நம்ம ஆளு போல" என்றார். அந்தத் தாதியின் கையில் பௌத்தர்கள் கட்டுகிற பிரித் நூல் இருந்தது.

இதுவரை நான் பகிடியாகச் சொல்லிக்கொண்டு வந்தாலும், தள்ளுவண்டியில் படுத்து தியேட்டர் வாசலுக்கு வந்தபோது எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. பயம் என்றால் நெஞ்சு அடிக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பாதங்கள்தான் குளிர்ந்தன. அப்பாவின் சுட்டுவிரலைப் பிடித்திருந்தேன். வாசலில் விடச் சொன்னார்கள். நான் விடவில்லை. அப்பா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார், குழந்தையின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவது மாதிரி, வலிக்காமல். "அப்பா இங்கதான் இருப்பேன்" என்றார். உள்ளே பச்சைத் தொப்பி போட்ட யாரோ என்னைச் சிங்களத்தில் எண்ணச் சொன்னார்கள். எக்க, தெக்க வரை போனேன்.

விழித்தபோது வயிற்றில் பை இருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவான பை. உள்ளே இருப்பதை எல்லாரும் பார்க்கலாம். நான் மட்டும் பார்க்கவில்லை. தாதி பையைத் திறந்து, வடித்து, துடைத்து, மாற்றும்போதெல்லாம் நான் கூரையில் சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பாருங்க நங்கி, ஒருநாளைக்கு நீங்கதானே செய்யணும்" என்று அவர் அரைகுறைத் தமிழில் சொல்வார். நங்கி என்றால் தங்கை. நான் மின்விசிறியில் எத்தனை தூசி என்று பார்ப்பேன்.

அதன் குரலை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. சாதாரணமாகக் காற்றுப் பிரிவது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நாம் பெருமைப்படுவதில்லை, ஆனால் அது பெரிய பெருமை. சிறுகுடலின் முனைக்கு மூடித் திறக்கிற தசை கிடையாது. வரும்போது வரும். முதல் தடவை பெரிதாக வந்தது பார்வையாளர் நேரத்தில். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து மூன்று அன்ரிமார் வந்து கட்டிலைச் சுற்றி நின்று செபமாலை சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஒரு அன்ரி பாதி மந்திரம் சொல்ல, மற்ற இருவரும் மீதிப் பாதி சொல்வதற்கு மூச்சு எடுத்த அந்த இடைவெளியில், என் வயிறு பதில் சொன்னது. நீளமான, நிதானமான, முடிவில் ஒரு கேள்விக்குறி வைத்த மாதிரியான சத்தம். அன்ரி நிறுத்தினார். பிறகு இன்னும் உரத்துத் தொடங்கினார். அடுத்த மந்திரத்துக்கும் அதே இடத்தில் அதே பதில். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு விக்கல் மாதிரிச் சத்தம் வந்தது. அங்கே படுத்திருந்த பெண் போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு, தையலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "அல்லாஹ்வே, சிரிக்கவும் ஏலாதே" என்று முனகினார்.

அவர் அக்குறணைக்காரர். கணவருக்கு அங்கே பிடவைக் கடை. அம்மா வயது இருக்கும். புற்றுநோய் என்று அவருக்கும் குடலில் ஒரு பகுதியை எடுத்திருந்தார்கள், அவருக்கும் பை. எனக்கு வலப்பக்கம், அவருக்கு இடப்பக்கம். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டேன். "தாத்தான்னு செல்லுங்க மகள்" என்றார். முஸ்லிம்கள் பேச்சில் அது அக்கா. எங்கள் வீட்டில் தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. எனக்கு மறுபக்கக் கட்டிலில் இருந்த ஒரு சிங்கள அம்மாவுக்கு அது தகப்பன். நான் அக்குறணைக்காரரை அப்படிக் கூப்பிட்டதும் அந்தச் சிங்கள அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் ராத்தா என்று முடிவானது. அதற்கும் அக்கா என்றுதான் அர்த்தம், யாருக்கும் குழப்பமில்லை.

ராத்தாவும் தன் வயிற்றைப் பார்க்க மறுத்தவர்தான். தாதி வந்தால் துவாயை எடுத்து முகத்தில் போட்டுக்கொள்வார். என்னைவிடப் பேச்சு, என்னைவிடச் சிரிப்பு, ஆனால் துவாய்க்குக் கீழே அழுவார். மருமகள் தினமும் பகல் சாப்பாட்டோடு வருவாள். அமைதியான பெண். "மாமி, பை மாத்த நான் பழகிக்கிறேன்" என்று அவள் எத்தனை தடவை கேட்டும் ராத்தா அசையவில்லை. "நேத்து வரைக்கும் எனக்குப் பயந்த புள்ள," என்று என்னிடம் சொன்னார். "நாளைக்கு என் பீயைத் தொடைக்கிறதா?"

ஒரு நாள் முற்பகலில் ராத்தாவின் பை ஒட்டு விட்டுவிட்டது. படுக்கை முழுக்க. தாதிகள் எல்லாரும் வாட்டின் மறுகோடியில் அவசரமாக வந்த ஒரு நோயாளியைச் சுற்றி நின்றார்கள். மருமகள் வருகிற நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ராத்தா என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பே இல்லை.

"மகள், திரையை இழுங்க. அவள் வந்தா உள்ள விடவேணாம்."

திரையை இழுக்கத்தான் எழும்பினேன். சேலைன் தொங்கிய கம்பியைத் தள்ளிக்கொண்டு போய் இழுத்தேன். இழுத்த பிறகு வெளியே நிற்பதா உள்ளே நிற்பதா என்று தெரியவில்லை. நாற்றம் அடித்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல நாற்றம். அலுமாரியைத் திறந்து புதுப் பை, பஞ்சு, தண்ணீர் போத்தல் எல்லாம் எடுத்தேன். தாதி செய்வதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, ஆனால் எந்தச் சத்தத்துக்குப் பிறகு எந்தச் சத்தம் என்று காதால் பாடம். முதலில் பழைய ஒட்டைப் பிய்க்கிற சத்தம், பிறகு தண்ணீர், பிறகு துடைப்பது, பிறகு காகிதம் உரிப்பது.

ராத்தா துவாயை முகத்தில் போட்டுக்கொண்டார். நான் பழைய பையை உரித்தேன். உள்ளே சிவப்பாக, ஈரமாக, கழுவி வைத்த ஜம்பு பழம் மாதிரி ஒன்று இருந்தது. அவ்வளவுதான். பேயும் இல்லை, பூதமும் இல்லை. நான் இவ்வளவு நாள் மின்விசிறியைப் பார்த்தது இதற்காகவா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"எப்படி ஈக்கி?" என்றார் துவாய்க்கு உள்ளிருந்து.

"ஜம்பு மாதிரி இருக்கு ராத்தா."

"பச்சையா, பழுத்ததா?"

"பழுத்தது."

துவாய் கொஞ்சம் நகர்ந்தது. ஒரு கண் தெரிந்தது. "உங்களுக்கு அருவருப்பா இல்லையா மகள்?"

"இருக்கு. உங்கடதுல மட்டுமில்ல, என்னோடதுலயும்தான்."

"அப்ப சரி," என்றார். பொய் சொல்லியிருந்தால் அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் ஒட்டிய பை கோணலாக இருந்தது. பின்னேரத்துக்குள் மறுபடி விட்டுவிட்டது. ஆனால் அதற்குள் மருமகள் வந்து, திரைக்கு வெளியே நின்று "மாமி" என்று கூப்பிட்டபோது, ராத்தா துவாயை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "வா" என்றார். அன்று மாலை தாதி என் பையை மாற்ற வந்தபோது நான் தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். என்னுடையது ராத்தாவுடையதைவிடச் சின்னது. வாய்தான் பெரிது.

வீட்டுக்கு வந்தேன். அம்மா அக்கம்பக்கத்துக்கு அப்பெண்டிக்ஸ் என்று சொல்லி வைத்திருந்தார். அப்பெண்டிக்ஸுக்கு இவ்வளவு நாளா, பிள்ளை பாதியாகப் போய்விட்டதே என்று கேட்டவர்களுக்கு, அது கொஞ்சம் பெரிய அப்பெண்டிக்ஸ் என்று விளக்கம் கொடுத்தார். மகளிடம் எடுக்க முடிகிற உறுப்புகளில் கல்யாணச் சந்தையில் குறை சொல்ல முடியாதது அது ஒன்றுதான் என்பது அம்மாவின் கணக்கு.

பையின் ஒட்டில் அளவாக ஓட்டை வெட்டுகிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். பெரிதாக வெட்டினால் தோல் வெந்துவிடும், சின்னதாக வெட்டினால் இறுக்கும், முதல் சில வாரங்களில் அளவு வேறு மாறிக்கொண்டே இருக்கும். அப்பா கிரிக்கெட் பார்த்துக்கொண்டே மடியில் பத்திரிகை விரித்து, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, நகம் வெட்டுகிற கத்தரிக்கோலால் வட்டம் வெட்டுவார். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் வட்டம் கொஞ்சம் கோணும். எங்கள் அணி மோசமாக ஆடிய நாட்களில் எனக்குத் தோல் எரிந்தது.

"இந்த சாமானுக்கு இது சரியா இருக்குமா பாரு," என்று நீட்டுவார். அதற்கு வேறு பெயர் அவர் வாயில் வரவேயில்லை.

நோய் வருவதற்கு முன்பே பேசி வைத்திருந்த ஒரு சம்பந்தம் இருந்தது. பையன் கொழும்பில் வங்கியில் வேலை, நல்ல கத்தோலிக்கக் குடும்பம். அப்பெண்டிக்ஸ் ஆறட்டும் என்று காத்திருந்தவர்கள் ஒரு ஞாயிறு பின்னேரம் வந்தார்கள். அம்மா எனக்குத் தளர்வான உடுப்புப் போட்டுவிட்டு, காலையிலிருந்து சாப்பிடவும் விடவில்லை. வெறும் வயிற்றில்தான் காற்று அதிகம் ஓடும் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கேக்கும் பற்றிஸும் போன பிறகு, எங்கள் இருவரையும் முன் விறாந்தையில் தனியாகப் பேச விட்டார்கள்.

நல்ல பையன்தான். சமைப்பேனா என்று கேட்காமல், வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், என் வயிறு முந்திக்கொண்டது. அவன் விறாந்தைக்குக் கீழே தவளை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான்.

"தவளை இல்ல, நான்தான்," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பெண்டிக்ஸ் கதையும் முழுப் பொய் இல்லை, அதையும் சேர்த்துத்தான் எடுத்தார்கள் என்றேன். அவன் முகம் வெளுத்தாலும் எழும்பிப் போகவில்லை. குளிக்கலாமா, நீந்தலாமா, பிள்ளை பெறலாமா என்று ஒழுங்காகக் கேட்டான். மூன்றுக்கும் ஆம் என்றேன். கடைசியில், "காட்ட ஏலுமா?" என்றான். கெட்ட எண்ணத்தில் இல்லை, வங்கியில் ஆவணம் பார்க்கிற பழக்கம். ஏலாது என்றேன்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் போன் பண்ணினார். ஜாதகம் பொருந்தவில்லையாம்.

அம்மா போனை வைத்தார். "நம்ம ரெண்டு வீட்டுலயும் ஜாதகமே கெடையாதே," என்றார். பிறகு, "நீதானே சொன்ன?" என்றார்.

"ஆமா."

அம்மா அந்தக் கிழமை முழுக்க என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வந்தது, வழக்கத்தைவிட அதிகமாக, சத்தமாக வைக்கப்பட்ட தட்டில். எனக்கு அந்தப் பையன் போனதில் கவலை இருக்கவில்லை. இரவில் படுத்தால் அம்மா சொல்லாத ஒன்றுதான் நெஞ்சில் கிடந்தது. என் மகளை இனி யாருக்கும் காட்ட முடியாது என்பது.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனோம், பேசாமலேயே. நற்கருணைக்குப் பிறகு எல்லாரும் முழங்காலில் மௌனமாக இருக்கிற நேரம். மின்விசிறிகளைக்கூட நிறுத்தியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து என் வயிறு தொடங்கியது. சின்னதாக அல்ல. கையை வைத்து அமுக்கினேன், அமுக்கினால் தொனி மாறியதே தவிர நிற்கவில்லை. முன் வரிசையில் ஒருவர் திரும்பினார், பிறகு அவர் மனைவி, பிறகு பக்கவாட்டில் அந்தச் செபமாலை அன்ரி. எனக்குக் காது எரிந்தது. எழும்பி வெளியே போய்விடலாம் என்று ஒரு காலை ஊன்றினேன்.

அம்மா என் தோளைப் பிடித்து அமுக்கினார். பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, வகுப்பறைக் குரலில் சொன்னார்: "மன்னிச்சுக்கங்க. எனக்கு வாயு."

எங்கள் பங்கில் அம்மாவைவிட மரியாதையான பெண் கிடையாது. சேலை மடிப்புக் கலையாமல் மூன்று மணித்தியாலம் புனித வெள்ளிச் சடங்கில் நிற்கக்கூடியவர். அவர் இதைச் சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கினேன். பிறகுதான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. அழுதேன். கோயிலில் அழுதால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், அது ஒரு வசதி.

வெளியே வந்ததும் செபமாலை அன்ரி அம்மாவின் கையைப் பிடித்து, வாயுவுக்குப் பெருங்காயம் சாப்பிடச் சொன்னார். அம்மா கையை விடுவித்துக்கொண்டார். பிறகு, "எனக்கில்ல. மகளுக்குப் பெருங்குடலை எடுத்தாச்சு," என்றார். ஒருமுறை சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. குடல் எவ்வளவு நீளம், எங்கே வெட்டினார்கள், பை எப்படி ஒட்டும் என்று கோயில் படியிலேயே பாடம் நடத்தினார். நான் அங்கேயே நின்றேன், படம் வரைந்த கரும்பலகை மாதிரி. அந்தக் கிழமைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

நான் எதிர்பார்த்தது பரிதாபம். வந்தது வேறு. மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்து ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் தனக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் போகிறது என்றார். மூலை வீட்டு அக்கா பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தும்மினால் நனைந்துவிடுகிறது என்றார். இத்தனை வருடம் காலநிலையைப் பற்றி மட்டும் பேசிய மனிதர்கள். எனக்கு மருத்துவம் ஒன்றும் தெரியாது, ஆனால் முகம் சுளிக்காமல் கேட்பேன்.

வேலைக்கும் திரும்பினேன். மேனேஜர் அன்பாக, பின்னால் கணக்கு அறையில் உட்காரலாமே, வசதியாக இருக்கும் என்றார். யாருடைய வசதி என்று கேட்டேன். நான் முன் மேசையிலேயே நின்றேன். பையில் சத்தம் வந்தால், "மன்னிக்கவும், என் வயிறு" என்று மூன்று மொழியில் சொல்லப் பழகியிருந்தேன். ஜெர்மன்காரர் ஒருவர் அதற்கு, "உங்களுக்குக் காரணமாவது இருக்கிறது" என்றார். ராத்தாவோடு போனில் பேசுவேன். அவருக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள், தலைமயிர் போய்விட்டது, குரல் மட்டும் போகவில்லை. மருமகள்தான் பையை மாற்றுகிறாளாம். என்னைவிட நேராக ஒட்டுகிறாளாம்.

போன மாதம் கிளினிக்கில் டொக்டர் என் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ரெண்டாவது ஒப்பரேஷன் செய்வமோ? உள்ளுக்க ஒரு பை மாதிரித் தைச்சு, வெளிய இருக்கிறதைப் பிறகு மூடலாம்."

"செஞ்சா பழைய மாதிரி ஆயிடுமா டொக்டர்?"

"அப்பிடிச் சொல்ல மாட்டன். ஒரு நாளைக்குக் கன தரம் போக வேண்டி வரும். சில பேருக்கு நல்லாச் சரிவரும், சில பேருக்குக் கரைச்சல்."

"செய்யாட்டி?"

"இப்பிடியே இருக்கலாம். மிச்சமா விட்ட துண்டை மட்டும் ஒழுங்கா வந்து காட்ட வேணும்."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். செய் என்று சொல்வார், அழுவார், கல்யாணத்தைப் பேசுவார் என்று தயாராக இருந்தேன்.

"என்னை ஏன் பாக்குற?" என்றார். "வயிறு ஒன்னோடது."

இப்போதுதான் ஒரு முழுப் படத்தை இடையில் எழும்பாமல் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். வெள்ளைப் பாவாடை உடுக்கத் தொடங்கியிருக்கிறேன். "இப்ப வேணாம் டொக்டர்," என்றேன். "பிறகு மனசு மாறினா வர்றேன்."

"ஓம்," என்றார். முதல் தடவையாகச் சிரித்தார். பல் கொஞ்சம் கோணல். அதற்காகத்தான் இவ்வளவு நாள் சிரிக்கவில்லை போலிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா அலுமாரியைத் திறந்து தன் சிவப்புப் பட்டுச் சேலையை வெளியே எடுத்தார். அடுத்த கிழமை மாமா மகளின் கல்யாணம். பைக்கு மேலே கொசுவம் வைப்பதா கீழே வைப்பதா என்று பின்னேரம் முழுக்க கட்டினோம், அவிழ்த்தோம், கட்டினோம். கடைசியில் ஒரு வழியாகச் சரிவந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "முன்னால கொஞ்சம் புடைச்ச மாதிரி இருக்கு," என்றார்.

"ஒங்க தொந்தியும்தான் புடைச்சிருக்கு," என்றார் அம்மா, வாயில் ஊசியைக் கடித்தபடி. "நீங்க ஊருக்குள்ள போகாமலா இருக்கீங்க?"